பத்து மில்லி வினாடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுத் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போகாமல் இருந்தால் இந்தக் கதையே இல்லை. மலேசியாவின் தம்போய் என்ற ஊரில் கஸ்தூரி மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறை வைத்திருக்கிறாள். அங்கே காத்திருந்தபோது அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னதில் பாதியைத் திருடினேன். மீதி என் சரக்கு.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘சூரியனையே சிறைப்பிடிக்க மனிதன் கண்ட…’

சே, வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

2

கஸ்தூரியின் பள்ளித் தோழி வசந்தினி ஜொகூர் பாருவில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு வளையக் கலம். உள்ளே வாயுவைச் சூடேற்றிப் பிளாஸ்மாவாக்கி, சுவரில் படாமல் காந்தத்தால் அந்தரத்தில் பிடித்துவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதிப்பீட்டாளர்கள் முன்னால் பத்து மில்லி வினாடி நின்றால் போதும்.* நிற்காவிட்டால் இயந்திரத்தைப் பிரித்துக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். அவளுடைய நாலு வருஷ உழைப்பு அது.

பிளாஸ்மாவோ சோதனைகளில் மூன்று மில்லி வினாடியிலேயே மேலே ஏறி, சுவரில் முட்டி அணைந்தது. அதைக் கீழே தள்ளுவதற்கென்றே கஸ்தூரி சுற்றிக்கொடுத்த சுருள்கள் இருந்தும் அடங்கவில்லை.

(*கண் சிமிட்ட இதைப்போலப் பத்து மடங்காவது ஆகும். இப்போது சிமிட்டினீர்கள், பார்த்தேன்.)

3

இங்கே வசந்தினியை அழவிட்டேன். மழையும் பெய்யவிட்டேன். சோகத்தை ஏற்ற ஏற்றக் கதை கையைவிட்டுப் போனது. [அழுகையை அடித்துவிட்டேன். அவள் அழுகிறவள் இல்லை. கோபம் வந்தால் ரொட்டி சானாய் நாலு தின்பாள்.]

அன்றும் நாலைத் தின்றுவிட்டுக் கஸ்தூரியை ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துவந்தாள்.

“சுருளுக்கு கரண்ட்ட கூட்டினா இன்னும் சீக்கிரமா அணையுதுடி. குறைச்சா கொஞ்சம் தாங்குது.”

“அலமாக்! அப்போ அது கீழ தள்ளலடி, மேல தூக்கிவிடுது! மோட்டார் தலைகீழா சுத்துனா நாங்க என்ன செய்வோம்? ரெண்டு வயர இடம் மாத்திக் குடுப்போம். முடிஞ்சது லா.”

“ஆறு மாசமா கணக்குல தப்பு தேடிட்டு இருக்கேன்…”

“கணக்கு சரியாத்தான் இருக்கும். வயர மாட்டுனது யாரு?”

வசந்தினி மெதுவாகத் தன் கையைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

4

அவர்கள் வயரை மாற்றினார்கள். நானும் மழையை எடுத்துவிட்டு நல்ல வெயிலாகப் போட்டேன். கதையும் கையில் நின்றது, அப்பாடா!

வெள்ளிக்கிழமை. மதிப்பீட்டாளர்கள் வந்தாயிற்று.

முடிவு அ: பதினான்கு மில்லி வினாடி.

முடிவு ஆ: ஒன்பதில் அணைந்து…

“நின்னுச்சா இல்லையா?” என்று கஸ்தூரியிடமே கேட்டேன். அவள் மோட்டாரைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

“எழுத்தாளர் நீங்கதானே, நீங்களே சொல்லுங்க லா. ஆனா அணைச்சீங்கன்னு வைங்க, அடுத்த தடவ இத தலைகீழா சுத்த விட்டுருவேன்.”

எனக்கு வீட்டில் தண்ணீர் வேண்டும். ஆகவே என் ஓட்டு எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள்தான் பாக்கி. வசந்தினி பொத்தானில் விரல் வைத்துவிட்டாள், பக்கத்தில் கஸ்தூரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பத்தே மில்லி வினாடி. தயவுசெய்து சிமிட்டாதீர்கள்.