தாள் டாக்டரின் ஐந்து வார்த்தைகள்

அண்ணியும் நாத்தனாரும் அடித்துக்கொள்வது உலகத்தில் புதிதில்லை. நாங்கள் கையுறை மாட்டிக்கொண்டு, மணி அடித்து, முறையாக அடித்துக்கொண்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். பகலில் நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மாலையில் குத்துச்சண்டைக் கூடத்தில் என் கணவரின் தங்கைக்குப் பயிற்சி கொடுப்பேன். தேசிய அணிக்கான தேர்வுப் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பாவத்தைச் செய்தேன்.

பயிற்சியில் மூன்றாவது சுற்று முழுக்க அவள் என்னை ஓட ஓட விரட்டினாள். மணி அடித்ததும் கைகளைத் தொங்கப்போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணி, உங்களுக்கு வயசாயிடுச்சு. இனிமே விசில் மட்டும் ஊதுங்க."

எனக்கு முப்பத்தெட்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே தேர்வில் தோற்றவள். சுருக்கென்று தைத்தது. காவல் இல்லாமல் கிடந்த அந்தத் தாடையில் என் வலது கையை இறக்கினேன். மணி அடித்த பிறகு. வெட்டுப்பட்ட மரமாக விழுந்தாள், பின்மண்டை தரையில் மோதியது. எழுந்தவள் குழாயடியில் வாந்தி எடுத்தாள். பிறகு ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஒன்பதாம் வகுப்புக்கு நானே கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிற பாடம். குலுங்கிய மூளை ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கும், ஆளே போய்விடலாம். ஊருக்குத்தானடி உபதேசம்! விதிப்படி ஒரு மாதம் ஓய்வு, அப்படியென்றால் தேர்வு போச்சு. எப்படி அடிபட்டது என்றும் கேட்பார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குத்துச்சண்டைச் சங்கத்து மருத்துவருக்கு நாங்கள் வைத்த பெயர் தாள் டாக்டர். எந்தப் போட்டிக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே தாளோடு வருவார். அதிலிருந்து ஐந்து வார்த்தை சொல்லி, பிறகு திருப்பிக் கேட்பார். மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. வருஷக்கணக்காக அதே ஐந்துதான்: கதவு, குடை, எலுமிச்சை, கம்பளம், நிலா. காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவளை ஒப்பிக்க வைத்தேன். எப்போதும் கம்பளம்தான் விட்டுப்போகும். விட்டால் தொடையில் கிள்ளுவேன்.

"வீட்டுக்கு ஒரு அண்ணி வருவாங்கன்னு பாத்தா, எங்கண்ணன் ஒரு டீச்சரைக் கூட்டிட்டு வந்துட்டான்," என்று தொடையைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பாள். தலைவலிக்கிறது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போட்டியன்று காலையில் சோதனையில் தேறினாள். எதிராளி நெட்டையான இடதுகைக்காரி. முதல் சுற்று எங்களுடையது. இரண்டாவதில் அந்த இடது கை நெற்றிப்பொட்டில் விழுந்தது. அடுத்தது மூக்கில் விழ, ரத்தம் என் சட்டை வரை தெறித்தது. மண்டியிட்டவள் நடுவர் எட்டு எண்ணுவதற்குள் எழுந்து, இன்னும் நாலு அடி வாங்கினாள். "விடாதே, அடி!" என்று கூட்டம் கத்தியது. மணி அடித்ததும் எதிராளியின் மூலைக்கு நடந்தாள். நான் ஓடிப்போய் இழுத்துவந்து உட்கார வைத்தேன்.

தாள் டாக்டர் கயிறுகளுக்கு நடுவில் தலையை நுழைத்தார். "காலையில சொன்ன அஞ்சு வார்த்தை என்னம்மா?"

"கதவு, குடை, எலுமிச்சை, கம்பளம், நிலா." ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தடுமாறாமல் சொன்னாள்.

"தெளிவாத்தான் இருக்கா. ஆடட்டும்."

கம்பளத்தை விடவில்லையே என்று ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தக் கேவலத்தை மறைக்க மாட்டேன். மூக்கில் பஞ்சை வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. யாரோ வெளியாளைப் பார்ப்பதுபோல் என்னை மரியாதையாகப் பார்த்தாள்.

"வேணாம் மேடம். எங்க அண்ணி வருவாங்க. அவங்கதான் தண்ணி தருவாங்க."

நான் டாக்டர் பக்கம் திரும்பிக் கத்தினேன். "டாக்டர், நிறுத்துங்க! அந்த அஞ்சும் நான் சொல்லிக்கொடுத்தது. பன்னெண்டு நாள் முன்னாடியே தலையில அடிபட்டிருக்கு. நான்தான் அடிச்சேன்!"

கூச்சலில் அவருக்குக் காது கேட்கவில்லை. "என்னது?" என்றார். மணி அடித்துவிட்டது.

அவள் எழுந்து போனாள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நான் துண்டை வீசினேன், நடுவர் கவனிக்கவில்லை. கயிற்றுக்குள் புகுந்து ஓடி அவளைக் கட்டிப்பிடித்தேன். யாரோ தன்னைப் பிடித்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குப் புரிந்தது. விலாவில் குத்தினாள், நான் கற்றுக்கொடுத்த அதே குட்டை அடி. உள்ளே ஏதோ முறிந்தது. அதே இடத்தில் மறுபடியும் குத்தினாள். எதிராளி ஓங்கிய கை என் பிடரியில் விழுந்தது. நான் விடவில்லை. "அடிடி, நல்லா அடி," என்றேன் அவள் காதில். எனக்கு அது வேண்டும்தான்.

கொஞ்சங்கொஞ்சமாக அடி தளர்ந்தது. முழு எடையோடு என்மேல் சரிந்தாள். தரையில் படுக்க வைத்தோம். தாள் டாக்டர் இமைகளை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கருமணி பெரிதாக இருந்தது, மற்றது சிறிதாக. "ஸ்ட்ரெச்சர் கொண்டா!" என்று அலறினார். அவர் கையிலிருந்த தாள் ரத்தத்தில் விழுந்தது.

"நான் யாருன்னு சொல்லுடி," என்று அழுதேன். "என்னைப் பாரு. நான் யாரு?"

அவள் உதடு அசைந்தது. "கதவு," என்றாள். "குடை... எலுமிச்சை..."

அடுத்தது வரவில்லை. கையுறை போட்ட கையால் மெல்லத் தன் தொடையை மூடிக்கொண்டாள்.