ஒரு வசனத்துக்கு ஓராள்

அந்த நண்டுத் தொழிற்சாலையில் ஊடகப் பிரிவு என்றால் ஜெசிதா ஒருத்திதான். விபத்தைப் பற்றி அவள் எழுதிக் கொண்டுபோன முதல் அறிக்கையைப் பார்த்து முகாமையாளர் கொலின்ஸ் சிரித்தார். துரதிர்ஷ்டவசமாக என்று தொடங்கிய வசனம் அரைப் பக்கம் ஓடியிருந்தது.

"செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரிக் கிடக்குது. ஆர், என்ன செய்தது? ஒரு வசனத்துக்கு ஓராள், ஒரு வேலை. மீன் சந்தையிலை நிக்கிற சனத்துக்கு விளங்கவேணும்."

சொல்லித்தந்தது சரிதான். ஜெசிதா திரும்ப எழுதினாள். நண்டு ஏற்றக் கொழும்பு லொறி வாசலில் நின்றது. நண்டு அவிக்கும் கலனில் ஆவி அடங்கவில்லை. மேற்பார்வையாளர் றோய் மூடியைத் திறக்கச் சொன்னார். லூர்த்தம்மா திறந்தார். அவருடைய இரண்டு கைகளும் வெந்தன.

குருநகரில் லூர்த்தம்மாவின் வீடு ஜெசிதா வீட்டுக்குப் பின்வேலி. லொறி வந்துவிட்டால் ஆவி அடங்கமுன் திறப்பது தொழிற்சாலையில் அன்றாட வழக்கம். மாட்டேன் என்றவளுக்கு மறுநாள் வேலையில்லை. பிழை தன்னுடையது என்று கம்பனி ஒத்துக்கொண்டால்தான் அந்தக் கைகளுக்கு வைத்தியம் பார்க்கும். கொலின்ஸுக்கும் அது தெரியும்.

வாசித்துவிட்டு அருமை என்றார். பிறகு பேனையை எடுத்து லொறியை வெட்டினார். றோயையும் வெட்டினார்.

"சேர், அவர்தானே திறக்கச் சொன்னவர்."

"அது வேறை கதை. சனம் குழம்பும். உமக்கு வேலை நிரந்தரமாகவேணும் எல்லோ?"

மிஞ்சியதை அவளே தட்டச்சு செய்தாள். ஆவி அடங்கமுன் லூர்த்தம்மா மூடியைத் திறந்தார். அவருடைய கைகள் வெந்தன. நிறுவனம் வருந்துகிறது. ஒரு பொய்கூட இல்லை. பத்திரிகைகளுக்கும் கோயிலுக்கும் அனுப்பிவைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் அறிவித்தல்களோடு அதையும் வாசித்தார்கள். பெண்கள் திரும்பி லூர்த்தம்மாவைப் பார்த்தார்கள். அவசரக்காரி என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவளும் அதே மூடியை அப்படியே திறந்து வந்தவள்தான்.

வெளியே, துணி சுற்றிய கைகளை நெஞ்சோடு அணைத்தபடி லூர்த்தம்மா நின்றார். ஜெசிதா கிட்டப் போனாள்.

"முந்திக் கொம்பனி எழுதிறது ஒண்டும் விளங்காது பிள்ளை. விளங்கேல்லை எண்டு போய்ச் சண்டை பிடிப்பம். இது வடிவா விளங்குது. இனி நான் போய் என்னத்தைக் கதைக்கிறது?"

லூர்த்தம்மாவின் தோளிலிருந்து நழுவிய சேலைத் தலைப்பை ஜெசிதா எடுத்துவிட்டாள்.

"நீ கொம்பனிக் கந்தோரிலைதானே இருக்கிறாய். ஆர் பிள்ளை இதை எழுதினது?"

"கொம்பனி, மாமி," என்றாள் ஜெசிதா.