தூங்குமூஞ்சி நன்றாகத் தூங்கினார்

வாசலில் வந்து நின்ற அம்மாளைப் பார்த்ததும் மெக்கானிக் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டான். கணவர் இறந்த கையோடு அவருடைய சுவாசக் கருவியை இவனிடம் விற்றவர் அவர். உள்ளறையில் அவன் மனைவி அதே கருவியின் முகமூடியை மாட்டிக்கொண்டு பகலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அது இல்லாமல் கண்ணயர்ந்தால் அவளுக்கு மூச்சு நின்று நின்றுதான் வரும்.

அந்தக் கருவியைச் செய்வது ஒரே ஒரு கம்பெனி. கை மாறினால் ஓடாதபடி அதற்குள் ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். கருவி உங்களுடையது, உள்ளே இருக்கும் மென்பொருளின் காப்புரிமை எங்களுடையது என்பது அவர்கள் வாதம். எவ்வளவு நியாயம் பாருங்கள். புதிது வாங்க இவனுக்கு வழியில்லை. பூட்டை உடைக்கத் தெரியவில்லை, ஏமாற்றத் தெரிந்தது. பழைய ஆளே இன்னும் தூங்குவதாகக் கருவியை நம்ப வைத்துவிட்டான். அதனால் ஒவ்வொரு முறை போடும்போதும் திரையில் 'வணக்கம், தூங்குமூஞ்சி' என்று வரும். செத்தவரைத் தினமும் வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "இது என் மூச்சா, அவர் மூச்சான்னே தெரியலைங்க" என்று ஒருநாள் சொன்னாள்.

ரிப்பேர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, பூட்டைக் காட்டிக் கம்பெனி சந்தையையே வளைத்துப்போட்டிருக்கிறது என்று, ஏகபோகத்தைத் தட்டிக்கேட்கும் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்திருந்தார்கள். அதில் உதாரணமாகக் காட்டியது இவன் கருவியைத்தான். கம்பெனியோ அதை இவன் திருடிவிட்டான் என்றது. தீர்ப்பு வரும்வரை கருவியை முடக்க மாட்டோம் என்று மட்டும் ஒப்புக்கொண்டது. மனமொப்பித்தான் விற்றேன் என்று அம்மாள் வந்து சொன்னால்தான் வழக்கு நகரும்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து போனை நீட்டினார். 'தூங்குமூஞ்சி நன்றாகத் தூங்கினார்.' அதற்குக் கீழேயும் அதே வரி, அதற்கும் கீழே அதே வரி. முகமூடியைக் கழற்றியதும் கருவி வீட்டாருக்கு அனுப்பும் செய்தி. பூட்டையே ஏமாற்றிய கெட்டிக்காரன் இதை நிறுத்த மறந்திருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்போதே நிறுத்திவிடுவதாகச் சொல்லி எழுந்தான்.

"உக்காருங்க தம்பி. அந்தப் பேரு நான் வச்சதுதான்."

முதல் செய்தி வந்த அன்று போனைத் தூக்கி எறிந்தாராம். பிறகு அது வந்தால்தான் பொழுது விடிந்த மாதிரி இருந்ததாம். நீங்கள் ஜெயித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். கருவி மனைவி பெயருக்கு மாறிவிடும் என்றான். தோற்றால்?

"முடக்கிடுவாங்க அக்கா."

இரண்டிலும் செய்தி நின்றுவிடும். அவர் சாட்சிக்கு வராமல் இருந்தால் போதும், வழக்கு இழுத்துக்கொண்டே போகும், செய்தியும் வந்துகொண்டே இருக்கும். அதை அவரும் யோசித்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்போது உள்ளறையில் கருவி கரகரவென்று இருமி, ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. மோட்டார் தேய்ந்துவிட்டது. கம்பெனி பூட்டைத் திறந்தால்தான் வேறு மோட்டாரை ஏற்கும். அம்மாள் எழுந்துபோய்க் கதவோரம் நின்று, தூங்குகிறவளின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கும் கடைசில இந்தச் சத்தம்தான் வந்துச்சு" என்றார். பார்வையை எடுக்காமலே, "விசாரணை என்னைக்கு தம்பி?"

அவன் சொன்னான். வருவதாகத் தலையசைத்தார்.

பேச்சுச் சத்தத்தில் மனைவி விழித்து முகமூடியைக் கழற்றினாள். அம்மாளின் பைக்குள் போன் சிணுங்கியது. மூவரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். அவர் அதைத் திறக்கவில்லை.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறேன்" என்று சொல்லி, பையை இரு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, தூங்குகிற யாரையோ எழுப்பிவிடாமல் சுமப்பவரைப் போல மெல்லப் படியிறங்கினார்.