வாயாடி விழுந்த வாரம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை நீட்டிக்கொள்ள வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் கதை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் என்றதும் எழுந்து போய்விடாதீர்கள். இது ஓர் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடந்த கதை. கம்ப்யூட்டர் பாவம், நடுவில் கிடந்து முழித்தது, அவ்வளவுதான்.

அந்த அண்ணி ஒரு பஸ் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், ஒன்று தாமதமானால் பின்னால் வருவது எங்கே காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவள் எழுதிய புரோகிராம்தான் முடிவு செய்யும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு நோய் வந்து பார்வை போய்விட்டது. வேலையை அவள் விடவில்லை. விடாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அவளுடைய பிடிவாதம். மீதிப் பாதி அவள் நாத்தனார்.

நாத்தனாருக்குத் தலை நிறையச் சுருள் முடி. வீட்டில் அவளைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் புரோகிராம் எழுதுகிறவள்தான். புரோகிராம் எழுத எடிட்டர் என்று ஒன்று வேண்டும். தச்சருக்குப் பட்டறை மேஜை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணிக்காகச் சுருட்டை தன் கையாலேயே ஓர் எடிட்டர் செய்தாள். எழுதும் ஒவ்வொரு வரியையும் அது காதுக்குள் படித்துச் சொல்லும். எங்கே அடைப்புக்குறி விட்டுப்போனது, எந்தக் கோப்பு மாறியது, எல்லாவற்றையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தார்கள்.

"உன்னை மாதிரியே பண்ணி வெச்சிருக்கேடி" என்றாள் அண்ணி, முதல் நாள் கேட்டதும்.

"குறைச்சலாத்தான் பேச வெச்சேன் அண்ணி. உங்களுக்குப் பேச இடம் வேணுமே."

இப்படி ஐந்து வருஷம் நன்றாகப் போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை அண்ணியின் ஆபீசில் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஒரு மாற்றம் செய்தார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்களை உள்ளிருந்து நடத்துகிற புரோகிராமுக்கு லினக்ஸ் என்று பெயர். லினக்ஸ் என்பது ஒரே துணி. அதை வெட்டித் தைக்கிற தையல்காரர்கள் பலர். ஒருவர் பையை இடது பக்கம் வைப்பார், ஒருவர் வலது பக்கம், இன்னொருவர் பையே வேண்டாம் என்பார். அப்படித் தைத்து வரும் ஒவ்வொன்றையும் டிஸ்ட்ரோ என்பார்கள். ஆபீசில் பழைய டிஸ்ட்ரோவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார்கள். வாயாடி புதுச் சட்டைக்குள் நுழைந்தது. அரை மணி நேரம் பேசியது. ஒரு வரியின் நடுவில் பேச்சு நின்றது. எடிட்டரே தானாக மூடிக்கொண்டு விழுந்துவிட்டது.

திறந்தால் பேசும். அரை மணியில் மறுபடியும் விழும். சேமிக்காத வரிகள் எல்லாம் போச்சு. அண்ணி அன்றைக்குப் பதினான்கு தடவை திறந்தாள்.

ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் சிஸ்டம்காரர் என்பார்கள். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார்.

"மேடம், எல்லா எடிட்டரும் இதுல நல்லா ஓடுது. இது மட்டும்தான் விழுது. அப்போ கோளாறு இதுலதானே?"

"போன வாரம் வரைக்கும் இது விழலையே. அப்போ கோளாறு உங்க புதுசுலதானே?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை. கெட்ட மனுஷியாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"உங்க அட்டவணைக்காக ரெண்டு டிப்போ காத்துக்கிட்டு இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில பதினோரு மணி வரைக்கும் பாருங்க. சரியாகலைன்னா திங்கள்லேர்ந்து வரவேற்பு மேஜைக்கு வந்துடுங்க. ஃபோனை எடுத்துப் பேசற வேலைதான். உங்களுக்கும் சுலபமா இருக்கும்."

அந்த 'சுலபமா' என்ற வார்த்தையைத்தான் அண்ணியால் பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சுருட்டை, உன் வாயாடி என்னை ஃபோன் எடுக்க அனுப்பப் போகுது."

சுருட்டைக்கு முகம் சுண்டிப்போனது. அன்றைக்கே தன் லேப்டாப்பில் அதே புதிய டிஸ்ட்ரோவை ஏற்றினாள். வாயாடியைத் திறந்தாள். ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு மணி நேரம் ஓடியது. மறுநாள் பகல் முழுக்கவும் ஓடியது.

"என்கிட்ட விழவே இல்லையே அண்ணி."

"அதைச் சட்டம் போட்டு மாட்டிடட்டுமா? மேலாளர்கிட்டப் போய், எங்க நாத்தனார்கிட்ட விழலைங்கன்னு சொல்றேன்."

புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து நான்கு லேப்டாப்புகளை வரிசையாக வைத்தார்கள். இரண்டு சுருட்டையுடையவை, ஒன்று அண்ணனுடையது, ஒன்று பக்கத்து வீட்டில் கெஞ்சி வாங்கியது. நான்கிலும் நான்கு வேறு டிஸ்ட்ரோ. சுருட்டை ஒரு நோட்டில் கட்டம் போட்டாள். வாயாடி பேசுகிற எடிட்டர் ஆயிற்றே, அதனால் முதலில் சந்தேகம் ஒலி மேல் போனது. ஒலியை நிறுத்திப் பார்த்தாள். பிறகு திரை மேல் போனது. திரையை இயக்குகிற டிரைவர் என்ற குட்டி புரோகிராமை மாற்றினாள். எழுத்துருவை மாற்றினாள். நான்கில் ஒன்றுகூட விழவில்லை.

"நல்லது. இப்போ நகரு, நான் உட்கார்றேன்" என்றாள் அண்ணி.

ஒவ்வொரு லேப்டாப்பிலும் அண்ணி தன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள். நாற்பது நிமிஷத்துக்குள் இரண்டு விழுந்தன. இரண்டு நின்றன.

அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். அவருக்குச் சாப்பிட மேஜை வேண்டும்.

"அவ தொட்டா விழுது, நீ தொட்டா ஓடுது. கைராசியா இது?"

"போங்க அண்ணா, தட்டை மடியில வெச்சுச் சாப்பிடுங்க" என்றாள் சுருட்டை.

"நான் இந்த வீட்டுல அஞ்சாவது டிஸ்ட்ரோ போல இருக்கு. யாருக்கும் ஒத்துவர மாட்டேங்கறேன்."

அண்ணி சிரித்துவிட்டாள். சுருட்டை சிரிக்கவில்லை. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அண்ணி லீவு போட்டாள். சுருட்டை வேறு வழி யோசித்திருந்தாள். எல்லா எடிட்டரையும் போல வாயாடிக்கும் ஒரு நாட்குறிப்பு உண்டு. என்ன செய்தது, எப்போது செய்தது என்று தானே எழுதி வைக்கும். லாக் என்பார்கள். வழக்கமாகச் சுருக்கமாக எழுதும். "விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணிச்சுன்னு ஒண்ணுவிடாம எழுதச் சொல்றேன்" என்று சுருட்டை அதை விரிவாக எழுதும்படி மாற்றினாள். விழுந்த லேப்டாப்புகளில் ஒன்றின் முன் அண்ணி உட்கார்ந்தாள்.

மூன்றே நிமிஷத்தில் விழுந்துவிட்டது.

"அரை மணி தாங்கினது மூணு நிமிஷமாயிடுச்சே. என்னடி வைத்தியம் இது?"

சுருட்டை நாட்குறிப்பைத் திறக்கப் போனாள். திறக்க முடியவில்லை. அவ்வளவு பெரிதாக வீங்கியிருந்தது.

"அண்ணி, ஏன் விழறேன்னு கேட்கக் கேட்கத்தான் இது வேகமா விழுது."

அண்ணி லேப்டாப்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னொண்ணும் இருக்கு" என்றாள். "விழறதுக்கு முன்னாடி ஃபேன் மூச்சு வாங்குது. முதல்ல மெதுவா, அப்புறம் மாடிப்படி ஏறினவன் மாதிரி. விழாத ரெண்டுலயும் அந்தச் சத்தமே இல்ல. உனக்குக் கேட்கலையா?"

"கேட்கலை."

"பார்த்துக்கிட்டே இருந்தா எப்படிக் கேட்கும்?"

சுருட்டை நோட்டை மூடி வைத்தாள். அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் லேப்டாப்பைத் தயார்செய்து, வாயாடியைத் திறந்து, மேஜை மேல் வைத்து நகர்ந்துவிடுவாள். அண்ணி உட்கார்ந்ததும் முதலில் என்ன செய்கிறாள் என்று ஐந்து வருஷத்தில் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பக்கத்தில் நின்று உற்றுப் பார்ப்பது அண்ணிக்குப் பிடிக்காது என்று ஒதுங்கிப் போய்விடுவாள்.

"அண்ணி, ஆரம்பத்திலேர்ந்து நீங்களே பண்ணுங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். கோபப்படக் கூடாது."

அண்ணி ஹெட்ஃபோனை மாட்டினாள். இரண்டு விசை தட்டினாள். வாயாடி சொன்னது சுருட்டைக்கும் லேசாகக் கேட்டது: ஹோம் ஃபோல்டர் திறக்கப்பட்டது.

"அண்ணி, எதைத் திறந்தீங்க?"

"வீட்டைத்தான்."

"முழு வீட்டையுமா?"

ஹோம் என்பது ஓர் ஆளுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள எல்லாமே அடங்கிய ஃபோல்டர். புரோகிராம் எழுதுகிறவர்கள் யாரும் அதை மொத்தமாகத் திறக்கமாட்டார்கள். அன்றைய வேலைக்கு வேண்டிய ஒரு சின்ன ஃபோல்டரை மட்டும் திறப்பார்கள். சுருட்டையும் அப்படித்தான்.

அண்ணியின் காது மடல் சிவந்தது. "ஒவ்வொரு ஃபோல்டரா ஏறி இறங்க எனக்கு ஒரு யுகம் ஆகும்டி. மொத்தமாத் திறந்துட்டா, கோப்போட பேரைத் தட்டினா நேரா போயிடும். ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு தடவை இதைப் பார்த்துச் சிரிச்சார். அதுலேர்ந்து யார்கிட்டயும் சொல்லலை."

சுருட்டை தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு அண்ணி. என் தப்பு. முழுக்க என் தப்பு."

அவள் அண்ணிக்குச் சொன்னதை நானும் அதே மாதிரி சொல்கிறேன். திறந்த ஃபோல்டருக்குள் எது மாறினாலும் வாயாடி கவனிக்கும். கவனித்ததை நாட்குறிப்பில் எழுதும். சில டிஸ்ட்ரோக்களில் நாட்குறிப்புகளைப் பொது அலமாரியில் வைப்பார்கள். சிலவற்றில் அவரவர் ஹோமுக்குள், கண்ணில் படாத ஒரு மூலையில் வைப்பார்கள். ஆபீசில் புதிதாக வந்தது இரண்டாவது வகை. அண்ணி ஹோமையே திறந்ததால் நாட்குறிப்பும் வாயாடியின் பார்வைக்குள் வந்துவிட்டது. வாயாடி ஒரு வரி எழுதும். எழுதியதால் நாட்குறிப்பு மாறும். ஐயோ மாறிவிட்டதே என்று அதையும் எழுதும். அதனால் மறுபடி மாறும். ஒரு வரி இரண்டாகி, இரண்டு நாலாகி, மூச்சு முட்டி விழும்.

"அப்போ அது எனக்குச் சொல்லியிருக்கணுமே. எந்தக் கோப்பு மாறினாலும் சொல்லுமே."

சுருட்டை தலையைக் குனிந்துகொண்டாள். "மறைவான மூலையில இருக்கறது மாறினா சொல்ல வேண்டாம்னு நான்தான் வாயைக் கட்டினேன். உங்களைத் தொணதொணக்கக் கூடாதுன்னு."

"வாயாடிக்கு நீ வாயைக் கட்டினே. நான் வீட்டைத் திறக்கறதை உன்கிட்டச் சொல்லாம என் வாயைக் கட்டிக்கிட்டேன். நல்ல குடும்பம்."

"இனிமே நீங்க சின்ன ஃபோல்டராத் திறந்தீங்கன்னா..."

"மாட்டேன்" என்றாள் அண்ணி. "எனக்கு வீடு முழுக்க வேணும். உன் எடிட்டர் மாறட்டும்."

சுருட்டை எழுந்து மேஜைக்கு வந்தாள். மாற்றம் மூன்று வரி. உன் நாட்குறிப்பை நீயே எட்டிப் பார்க்காதே என்பதுதான் அதன் சாரம். மூன்று வரி எழுதப் பத்து நிமிஷம். நான்கு டிஸ்ட்ரோவிலும் அண்ணியே உட்கார்ந்து, வீட்டை விரியத் திறந்து, சோதித்துப் பார்க்க மத்தியானம் முழுதும் ஆயிற்று. ஃபேன் மூச்சு வாங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அண்ணி ஆபீசில் உட்கார்ந்தாள். சிஸ்டம்காரர் புதிய வாயாடியை ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போகாமல் பின்னால் நின்றார்.

"நீங்க நிக்கறது எனக்குத் தெரியுது. உட்காருங்க, இல்ல போங்க."

அவர் உட்கார்ந்தார். ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. பத்தே காலுக்கு வாயாடி ஒரு வரியின் நடுவில் சட்டென்று நின்றது. அண்ணியின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. அண்ணியின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. அவள் காதைத் தீட்டினாள். ஃபேன் அமைதியாகத்தான் இருந்தது. ஹெட்ஃபோன் கம்பியைத் தடவிக்கொண்டே போனாள்.

"சார், உங்க கால் என் கம்பி மேல இருக்கு."

அவர் பதறிக் காலை எடுத்தார். கழன்றிருந்த முனையைச் செருகியதும் வாயாடி விட்ட இடத்துக்கு அப்பால் எங்கோ பேசிக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு மேலாளர் வந்தபோது இரண்டு டிப்போக்களின் அட்டவணையும் தயாராக இருந்தது. அவர் தாளைப் புரட்டினார், திரையைப் பார்த்தார், சிஸ்டம்காரரைப் பார்த்தார். சிஸ்டம்காரர் தலையாட்டினார்.

"சரி. அப்போ நீங்க இங்கேயே இருங்க."

"இருக்கேன்" என்றாள் அண்ணி. "ஆனா ஒண்ணு. அடுத்த தடவை மிஷின்ல எதை மாத்தறதுக்கும் ஒரு வாரம் முன்னாடி, மாத்தினது ஒண்ணை என்கிட்டக் குடுங்க. நான் உட்கார்ந்து பார்க்கறேன். எனக்கு எது சுலபம்னு நானே சொல்றேன்."

மேலாளர் கொஞ்சம் யோசித்து, "அப்படியே செய்யலாம்" என்றார். சிஸ்டம்காரர் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மேலாளரிடமே கையெழுத்துக் கேட்டு நீட்டினார். சிஸ்டம்காரர் மேல் அண்ணிக்கு அப்போதுதான் முதல்முறையாகப் பிரியம் வந்தது.

பிறகு அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மூன்றாவது டிப்போவின் அட்டவணையைத் திறந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாருக்கு எந்த வேலையில் மனசோ, அந்த வேலையில் அவர்களுக்கு அசையாத நாற்காலி அமையட்டும். வெட்கப்பட்டு ஒளித்து வைத்ததைக் கேட்டுச் சிரிக்காத ஓர் ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். சண்டை போடவும் கூட நிற்கவும் ஒரு நல்ல நாத்தனார் வாய்க்கட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள்.