முதுகில் அச்சான வரி

முதுகில் என்ன எழுதியிருந்தால் என்ன, ஓடுகிறவள் கண்ணுக்கா தெரியப்போகிறது என்று நினைப்பீர்கள். அக்காவுக்குத் தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தும் சூடு வைத்த மாதிரி தெரிந்தது.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். ஊரைச் சுற்றி வருகிற அந்த நெடுந்தூர ஓட்டத்தில், தம்பிக்குப் பணம் திரட்டத்தான் பேர் கொடுத்தாள். தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே கால்களில் உயிரில்லை. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மின்விசிறி, மிக்சி எல்லாம் பழுது பார்ப்பான். கை வேலையில் இருக்கும், வாய் ஊரைச் சுற்றும். தெருவே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடும். அணைக்கிற குமிழ் மட்டும் இல்லாத ரேடியோ.

வீடு மேட்டின் அடியில். கடைத்தெரு மேட்டின் உச்சியில். அங்கே ஒரு மூலையில் அவனுக்குக் கடை போட இடம் கிடைத்திருந்தது. ஆனால் நாற்காலியை மேட்டில் தள்ள ஆள் வேண்டும். அக்காவோ விடியுமுன் வேலைக்குப் போகிறவள். மோட்டார் வைத்த நாற்காலி வந்துவிட்டால் அவனே ஏறிவிடுவான். அது அவன் ஆசை. தள்ளித் தள்ளி நொந்துபோன அவள் முதுகும் அதற்குத்தான் ஆசைப்பட்டது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பனியனில் எழுத்து அச்சடிக்கிறவர் காசே வேண்டாம் என்றார். "நடக்க முடியாத என் தம்பிக்காக ஓடுகிறேன்" என்று அவள் எழுதிக் கொடுத்த வரியைப் படித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"காலு மட்டும்னா நெஞ்சுல இறங்காதும்மா. மேல ஒரு வரி, 'வாய் பேச முடியாத'ன்னு போட்டுடலாம். படிக்கிறவங்க கை தானா பைக்குள்ள போகும்."

"அண்ணே, அவன் பேசுவானே…"

"எனக்கா தெரியாது? என் வீட்டு ஃபேனை அவன்கிட்ட குடுத்துட்டு, காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுல்ல திரும்பி வந்தேன்! ஒரு நாள் வாயை மூடிட்டு இருக்கட்டும். அவனுக்குத்தானே?"

சும்மா செய்து தருகிறவரை எப்படி மறுப்பது? அவள் பேசாமல் நின்றாள். வாய் பேச முடியாதவர் யாரென்று பாருங்கள்.

பனியனைத் துவைத்துக் காயப்போட்ட அன்று தம்பி படித்துவிட்டான்.

"என்னக்கா, என்னைக் கேக்காமலே என் வாயை வித்துட்டியா?"

"ஒரே ஒரு நாள்டா."

"நல்ல விலைக்குப் போனா சரி," என்று சிரித்தான். "இப்பவே பழகிக்கிறேன்."

கேலியாகத்தான் ஆரம்பித்தான். சோறு போதும் என்பதற்குக் கையை ஆட்டினான், தண்ணீருக்கு டம்ளரைத் தட்டினான். கேலி எந்த இடத்தில் முடிந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் ஓடிப் பழகும்போது வாசலில் உட்கார்ந்து, "ஏய் ஆமை! உன்னை எறும்பு முந்துது பாரு!" என்று கத்துகிறவன், இப்போது கைதட்டுவதோடு நிறுத்திக்கொண்டான். வீடு அடங்கிப்போயிற்று. அந்த அமைதியில் அக்கா அசந்து தூங்கினாள். விடிந்து எழுந்தபோது, எவ்வளவு சுகமாகத் தூங்கினோம் என்று நினைத்துக் கூசிப்போனாள்.

ஓட்டத்தன்று பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவள் முதுகைப் படித்தார்கள். ஒருவர் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் வந்து, "படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சும்மா. முடிச்சதும் தம்பியைப் பாத்துக் குடுக்கறேன்," என்றார். "சரிங்க," என்றாள். பரிவாக யார் என்ன சொன்னாலும் அவள் கால் இன்னும் கொஞ்சம் கனத்தது.

கடைசித் திருப்பத்தில் தம்பி இருந்தான். மடியில் உண்டியல், பின்னால் நாற்காலியைப் பிடித்தபடி அச்சுக்காரர். சரியாக அங்கே வந்தபோது அவள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி வாயைத் திறந்தான். ஆமை என்ற சொல் அவன் நாக்கு நுனிவரை வந்ததை அவள் பார்த்தாள். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் முதுகில் சுமந்த பொய்யை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

அவள் நொண்டி நொண்டி அவனிடம் போய் முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

"சட்டைப்பைல டேப் இருக்கா? மேல் வரியை மறைச்சு ஒட்டுடா."

வயர் சுற்றுகிற கறுப்பு டேப் இல்லாமல் அவன் எங்கேயும் போகமாட்டான். ஆனால் அசையவில்லை. உண்டியலைத் தாடையால் காட்டினான்.

"எல்லாரும் பாக்கறாங்கம்மா!" என்று கிசுகிசுத்தார் அச்சுக்காரர்.

"பாக்கட்டும்ணே. டேய், ஒட்டுடா."

அவன் டேப்பை எடுத்து, வியர்வையில் நனைந்த பனியனைத் தொட்டுப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்:

"ஈரத்துல ஒட்டாதுக்கா. சுத்தித்தான் கட்டணும். நுனியைப் பிடிச்சுட்டு நீயே சுத்து."

அவள் நுனியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் சுற்றினாள். அவன் உருளையைப் பிடித்தான். மேல் வரி மறைகிறவரை சுற்றிவிட்டு டேப்பைப் பல்லால் அறுத்தான்.

"அடப்பாவி, பேசறானே!" என்றாள் அப்போதுதான் பணம் போட்டிருந்த ஓர் அம்மா.

"பேசுவேம்மா. நிறுத்தத்தான் தெரியாது." உண்டியல் மூடியைத் திறந்து நீட்டினான். "வேணும்னா எடுத்துக்கோங்க."

சிலர் எடுத்துக்கொண்டார்கள். சிலர் எடுக்கவும் இல்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அச்சுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா அங்கேயே நின்றாள்.

"என்ன வேடிக்கை, ஆமை? கோடு அங்க இருக்கு. போ!"

நொண்டிக்கொண்டே போய் முடித்தாள்.

உண்டியலில் மிஞ்சியது மோட்டாருக்குப் பற்றவில்லை. அக்கா சலவைக்கூடத்தில் கெஞ்சி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். கடை திறக்கிற அன்று காலையில் அவனை மேட்டில் தள்ளிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவன் வாய் ஓயவில்லை. பாதி மேட்டில் அவள் கேட்டாள்:

"டேய், என் மேல கோவமாடா?"

பேச்சு நின்றது. சக்கரத்தின் கிறீச்சு மட்டும் கேட்டது. உச்சி வரும்வரை அவன் வாய் திறக்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை, தள்ளினாள்.

"பிரேக்கைப் போடுக்கா," என்றான் மேலே போனதும்.