தம்பி வரட்டும்

கூரை உத்தரத்திலிருந்து அல்வா தொங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு நூலில் கட்டிய, கட்டியாக இறுகிய வெள்ளை அல்வா. சாப்பாட்டு மேஜைக்கு மேலே, வாய் உயரத்தில். தவக்காலம் தொடங்கும் முன் வரும் மன்னிப்பு ஞாயிறு சாயங்காலம் அதை ஆட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் கவ்வ வேண்டும். வீடு நிறைய ஆள் இருந்தால்தான் அந்த விளையாட்டு. ரங்கெல் வீட்டில் இருந்தது அவரும் அவர் மனைவி வசில்காவும் மட்டுமே.

மேஜையில் தட்டுகள் மூன்று.

"மூணாவது யாருக்கு?" வசில்கா கேட்டாள், தெரிந்துகொண்டே.

"நெட்கோவுக்கு. வருவான்."

"போன வருஷமும் வருவான்னீங்க. கடைசியில அல்வாவைப் பூனை கவ்விட்டுப் போச்சு."

"முறைன்னு ஒண்ணு இருக்கு. இன்னிக்கு சின்னவன்தான் பெரியவன் வீட்டுக்கு வரணும். கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேக்கணும். தம்பி வரட்டும். வந்தா நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிடுவேன்."

"பழி போட்டது நீங்க. மன்னிப்புக் கேக்க வர வேண்டியது அவரா? முறையாம் முறை! வருஷா வருஷம் ஆண்டவருக்கே அல்வா குடுக்கறீங்க."

ரங்கெல் மேஜையை விட்டு நகர்ந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். அந்தக் கோயிலின் பாடகர் அவர். அவர் குரல் இல்லாமல் அங்கே வழிபாடு தொடங்காது.

பழி என்று வசில்கா சொன்னது வெள்ளி விளக்கை.

அன்னை மரியாளின் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கு. ஒரு நாள் காணவில்லை. அந்த வாரம் கூரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த நெட்கோவிடம்தான் கோயில் சாவி இருந்தது. ஞாயிறு வழிபாடு முடிந்து ஜனம் கலையும் முன், பாடும் மேடையிலிருந்தே ரங்கெல் கேட்டுவிட்டார்.

"சாவி உன்கிட்ட. விளக்கு எங்கடா?"

நெட்கோ சாவியைத் தரையில் வைத்தான். வெளியே போனான். பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. மனைவி ஸ்லாத்தினாவோடு கீழே ஸ்டேஷன் ஊருக்குக் குடிபோய்விட்டான்.

அடுத்த வசந்தத்தில் கொத்தனார் கோயில் சுவரை இடித்தபோது விளக்கு விழுந்தது, துணியில் சுற்றியபடி. திருடர் பயத்தில், கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த கோயில்பிள்ளை சுவர்ப் பொந்தில் வைத்துப் பூசிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் செத்துப்போயிருந்தார்.

விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்தது. நெட்கோவுக்கும் எட்டியிருக்கும். ஆனால் பழி சொன்ன வாய் மட்டும் திறக்கவில்லை.

அன்றைக்கே ரங்கெலுக்கு உள்ளே கேட்டது. எழுந்து உன் தம்பியிடம் போ.

யார் குரல் என்று அவருக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் பேரம் பேசினார். இன்னும் நன்றாகப் பாடுகிறேன் என்றார். தவக்காலத்தில் எண்ணெய்கூடத் தொடமாட்டேன் என்றார். இரண்டையும் செய்தார். போ என்றதை மட்டும் செய்யவில்லை. வருஷம் போகப் போகக் குரல் தேய்ந்தது. இந்த ஒரு நாளில் மட்டும் மறுபடி கேட்கும்.

அவரும் தயாராகப் பதில் வைத்திருப்பார். தம்பி வரட்டும்.

இந்த வருஷம் கோயிலில் ஒரு சின்னக் கோளாறு. பாட்டுப் புத்தகத்துக்கு மேலே இருந்த பல்பு பியூஸ் போய்விட்டது.

பாட்டெல்லாம் மனப்பாடம்தான். அதனால் வழிபாடு தடைபடவில்லை. ஆனால் வழக்கமாக அவர் தலை குனிந்துகொள்ளும் இடம் வந்தபோது, குனிந்து பார்க்க ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தார்.

பாதிரியார் கவ்ரில் பலிபீடத்திலிருந்து இறங்கி, ஜனங்களுக்கு முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை பேருக்கும் தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவர், முதலில் விழுந்தார். வருஷா வருஷம் நடப்பதுதான். ரங்கெல் அந்த நேரத்தில் புத்தகத்துக்குள் புதைந்திருப்பார்.

எழுந்த பாதிரியார் ஒவ்வொருவரிடமாக வந்து, ரங்கெலுக்கு முன்னாலும் விழுந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க, ரங்கெல் ஐயா."

"ஃபாதர், எந்திரிங்க. நீங்க போய் எனக்கு..."

"பதிலைச் சொல்லுங்க ஐயா. எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு. நீங்க சொன்னாத்தான் எந்திரிக்க முடியும்."

"ஆண்டவர் மன்னிப்பார்" என்றார் ரங்கெல்.

எழுந்து போ. உள்ளே மறுபடி கேட்டது. தயாராக வைத்திருந்த பதிலைத் தேடினார். தரையில் நெற்றி வைத்த மனிதரைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை.

கடைசிப் பாட்டு பாக்கி இருந்தது. ரங்கெல் மேடையிலிருந்து இறங்கினார். ஜனம் திரும்பிப் பார்த்தது. வழிபாட்டுக்கு வந்திருந்த வசில்கா வாசலில் கையைப் பிடித்தாள்.

"பாட்டை விட்டுட்டு எங்க போறீங்க?"

"கீழே. நெட்கோகிட்ட."

அவள் முகம் மலரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"ஸ்லாத்தினா போன் பண்ணினான்னு இலை உதிர்ற காலத்துலயே சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அவர் முன்ன மாதிரி இல்லையாம்னு."

"அது என்னை வரவழைக்கிற நாடகம்..."

"அப்படித்தான் அன்னிக்கும் சொன்னீங்க. போங்க. சீக்கிரம் போங்க."

வீட்டுக்கு ஓடினார். நூலோடு அல்வாவை அறுத்துக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பையில் திணித்தார். பழைய லாடா கார் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. மலைச்சரிவு நெடுக அந்த நாளுக்கான சொக்கப்பனைகளை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். வளைவுகளில் புகை சாலையை மறைத்தது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. இத்தனை காலம் தள்ளிப்போட்ட மனிதருக்கு இப்போது ஒரு திருப்பம்கூடத் தாமதமாகத் தெரிந்தது.

கதவைத் திறந்தது ஸ்லாத்தினா.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா, மாமா?"

"அவன் இருக்கானா?"

"இருக்காரு. ஆனா நீங்க தேடி வந்தவரு இருக்காரான்னு எனக்குத் தெரியல." வழிவிடாமலே பேசினாள். "போன வருஷம் வரைக்கும் இந்த நாள்ல ஷேவ் பண்ணிட்டு, நல்ல சட்டை போட்டுட்டு ஜன்னல்கிட்டயே உக்காந்திருப்பாரு. நீங்களே போய்ட்டு வாங்களேன்னு சொல்லுவேன். போய் மன்னிச்சிடுன்னு கேட்டா, நான் எடுத்தேன்னு ஆயிடுமேம்பாரு."

இந்தக் கணக்கை ரங்கெல் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. தம்பி வர முடியாத ஒரே நாளில், ஒரே வாசலில், தட்டு வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

ஜன்னலோரம் நெட்கோ உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். ரங்கெலைப் பார்த்ததும் முகத்தில் மரியாதை வந்தது. அடையாளம் வரவில்லை.

தட்டுத்தடுமாறி எழுந்தான். வந்திருப்பது தன்னைவிட வயதில் மூத்தவர். நாளோ மன்னிப்பு ஞாயிறு. நினைவு போனாலும் பழக்கம் போகவில்லை. ரங்கெலின் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

"என்னை மன்னிச்சிடுங்க, பெரியவரே."

இத்தனை வருஷம் ரங்கெல் காத்திருந்தது இதற்குத்தான். வந்துவிட்டது. நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"இல்லடா நெட்கோ. நான்தான்... நான்தான் கேக்கணும்."

முழங்கால் மடக்கினார். நெற்றி தரையில் பட்டது.

மேலேயிருந்து நெட்கோவின் குரல் கவலையாக வந்தது. "என்ன பெரியவரே, எதையாவது கீழ போட்டுட்டீங்களா? ஸ்லாத்தினா, இவரு எதையோ தேடுறாரு பாரு."

ஸ்லாத்தினா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரங்கெல் தரையிலிருந்தே தலையைத் தூக்கினார். "விளக்கு, நெட்கோ. கோயில் விளக்கு. அதை நீ..."

நெட்கோவின் முகம் சட்டென்று மாறியது. கண்ணில் ஏதோ பற்றிக்கொண்டது. எல்லாம் அழிந்த இடத்தில் அது ஒன்று மட்டும் அழியாமல் இருந்திருக்கிறது.

"நான் எடுக்கலைங்க" என்றான். "சத்தியமா எடுக்கலை. சாவி என்கிட்ட இருந்தது நிஜம். ஆனா எடுக்கலை."

"தெரியும்டா. எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? எங்க அண்ணனுக்குத் தெரியணுமே." நெட்கோ அவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டான். "நீங்க மேல ஊர்ப்பக்கமா? அப்படின்னா அவனைத் தெரிஞ்சிருக்கும். கோயில்ல பாடுவான். நல்லா பாடுவான். அவன்கிட்ட சொல்றீங்களா?"

"சொல்றேன்."

"வீட்ல வெச்சுச் சொல்லாதீங்க. கோயில்ல சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போது."

ரங்கெல் தலையாட்டினார். பாடும் மேடை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே நின்றுதான் கேட்டார். அங்கே நின்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக உள்ளே கேட்ட அந்தக் குரல் இப்போது தம்பியின் வாயால் பேசியது. 'ஆனால்' என்று ஒரு வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்து, திரும்பிப் போனது.

"நாளைக்கே சொல்றேன்டா. தவக்காலத்து முதல் வழிபாடு. ஊரே வரும்."

நெட்கோ திருப்தியாக உட்கார்ந்தான். ரங்கெல் கோட்டுப் பையிலிருந்து அல்வாவை எடுத்தார். ஓரம் நொறுங்கியிருந்தது. நூலைப் பிடித்து உயர்த்தி, தம்பியின் முகத்துக்கு முன்னால் மெல்ல ஆட்டினார். நெட்கோ சிறுபிள்ளை போலச் சிரித்தான். யாரும் சொல்லாமலே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். வாயைத் திறந்தவன், கவ்வாமல் நிறுத்தினான்.

"பெரியவரே, எங்க அண்ணன் நம்புவானா?"

"நம்புவான்" என்றார் ரங்கெல். நூலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். "லேட்டாத்தான் நம்புவான்."