வெட்டிய நான்கு நிமிடம்

என் மகள் மஹீராவின் கல்யாண வீடியோவில் நான்கு நிமிடம் எங்கள் குடும்பத்தின் கௌரவத்துக்கு ஆகாது. கடைசிப் பந்தியில் என் தங்கை ஷம்ஷாத், பரிமாறுகிறவனின் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு கத்துகிறாள். நான் குறுக்கே போய், "வாயை மூடு" என்று அதட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகையிலிருந்து சம்பந்தி வீட்டார் அந்த வீடியோவைப் பார்க்க வருகிறார்கள்.

கரையான்சாவடியில் அந்த வீடியோவை எடுத்த ஜெகதீஷின் ஸ்டுடியோவுக்குப் போனேன். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். சத்தத்தை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, வெட்ட வேண்டிய இடத்தைத் திரையில் காட்டினேன்.

"சென்சார் பண்ணணும், அதானே பாய்?"

"சென்சாருன்னா சர்க்கார் பண்றதுப்பா. ஊட்டுப் பெரியவன் பண்ணா அதுக்குப் பேரு கண்ணியம்."

"சரி, கண்ணியத்து மேல ரோஜாப்பூ கொட்டட்டா?"

சம்மதித்தேன்.

ஞாயிறன்று எங்கள் கூடத்தில் பதினெட்டுப் பேர். பந்திக் காட்சி வந்தது. ஷம்ஷாத் கரண்டியை நோக்கிக் கை நீட்டினாள். ரோஜாப்பூ கொட்டியது. அடுத்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

சம்பந்தியம்மா ஷாகிதா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னா பாய், சண்டையக் காணோம்?"

"எந்தச் சண்டை?" என்றேன்.

"நல்லா கேட்டீங்க! எங்க பொம்பளைங்க தட்டுல வெறும் எலும்பு. 'சம்பந்தி ஊட்டுக்கு எலும்பு, உங்க சமையல் ஆளுங்க கேரியர்ல கறியா'ன்னு உங்க தங்கச்சி கரண்டியப் புடுங்குனப்புறம்தான் எங்களுக்குக் கறியே வந்துச்சு. அதப் பாக்கத்தான் ரெண்டு ஆட்டோ வெச்சுகினு வந்துகீறோம்."

அந்த நான்கு நிமிடத்தை நான் ஒரு தடவைகூடக் காதால் கேட்டிருக்கவில்லை. மண்டபத்திலும் அவளைப் பேச விடவில்லை.

"எங்கண்ணாத்தே சென்சார் போட்டுட்டாரு" என்றாள் ஷம்ஷாத். "அன்னிக்குப் பாதி, இப்ப முழுசா!"

முதலில் சிரித்தது மஹீராதான். ஷாகிதா எங்கள் சமையலறையிலிருந்து கரண்டி எடுத்துவந்து ஷம்ஷாத்திடம் நீட்டினார். சம்பந்தி ஜுல்ஃபிகர் பரிமாறுகிறவனாக நின்று திட்டு வாங்கிக்கொண்டார். கூட்டம் கேட்டதற்காக இரண்டாம் முறையும் வாங்கினார். என் வேடத்துக்கு மட்டும் யாரும் முன்வரவில்லை.

வாசலுக்கு வந்து ஜெகதீஷைப் போனில் பிடித்தேன்.

"வெட்டுனத அப்படியே சேத்துடுப்பா. நடுவுல நான் பேசுற ரெண்டு வார்த்தைய மட்டும் எடுத்துடு."

"இதுவும் கண்ணியமா பாய்?"

உள்ளே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சென்சார்தான். எடுத்துடு. ரோஜாப்பூ வேணாம்."